புதிய வைத்தியர்களுக்கான தடுப்பூசிப் பயிற்சி: மட்டக்களப்பு, அம்பாறைக் கிளினிக்குகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உள்ளகப் பயிற்சியை முடித்து மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறைப் பகுதிகளிலுள்ள சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளுக்கும் கிராமப்புற வைத்தியசாலைகளுக்கும் முதன்முதலாக நியமனம் பெற்று வரும் இளம் வைத்தியர்கள், தடுப்பூசிக் கிளினிக்கில் நிற்கும் முதல் சில வாரங்களில் ஏறத்தாழ ஒரே கேள்விகளையே கேட்கிறார்கள். அவற்றையும், கிளினிக் மேசையருகே நின்றபடி நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே சற்று விரிவாக எழுதியிருக்கிறேன்.

ஊசியைக் குடும்பநல உத்தியோகத்தரும் தாதியும்தானே போடுகிறார்கள், வைத்தியருக்கு எதற்கு இந்தப் பயிற்சி?

இலங்கையில் குழந்தைகளுக்கான தடுப்பூசிகளில் பெரும்பாலானவை குடும்பநல உத்தியோகத்தர்களின் கைகளாலும் தாதியரின் கைகளாலுமே போடப்படுகின்றன. 1978 இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் தொடங்கிய நாளிலிருந்து, போரும் சுனாமியும் வெள்ளமும் இடையிட்ட காலங்களிலும் அதைத் தாங்கி நின்றவர்கள் அவர்களே. ஆனால் அந்தக் கிளினிக்கில் எந்தக் குழந்தைக்கு இன்று போடலாம், எந்தக் குழந்தைக்குப் பிற்போட வேண்டும், இந்தக் குப்பியை நம்பலாமா, ஊசி போட்ட பின் மூச்சுத் திணறும் பிள்ளைக்கு என்ன செய்வது என்ற நான்கிற்கும் இறுதியில் பதில் சொல்லவேண்டியவர் வைத்தியர்தான். தான் ஒருமுறையும் செய்து பார்க்காத வேலையை ஒருவரால் மேற்பார்வை செய்ய முடியாது. தோலினுள் போடவேண்டிய ஊசி தோலின் கீழ் இறங்கிவிட்டதை, அதைத் தன் கையால் சரியாகவும் பிழையாகவும் போட்டுப் பார்த்த கண்தான் உடனே கண்டுகொள்ளும்.

இன்னொரு காரணமும் உண்டு. வெளிநோயாளர் பிரிவுக்கும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் விசர்நாய்க்கடித் தடுப்பூசிக்காகவும் ஏற்புவலி (ரெட்டனஸ்) தடுப்பூசிக்காகவும் வருபவர்களுக்கான முடிவை எடுப்பவர் கடமையிலுள்ள வைத்தியர். நாய் கடித்த காயத்தைச் சுற்றி, ஆயத்தமான எதிர்ப்பொருளாகிய இம்யூனோகுளோபுலினைச் செலுத்தும் வேலையை அந்த நேரத்தில் புத்தகம் பார்த்துப் பழக முடியாது.

அட்டவணையை மனப்பாடம் செய்தால் போதாதா?

மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். பிறந்தவுடன் வைத்தியசாலையிலேயே காசநோய்க்கு எதிரான பீ.சீ.ஜீ., 2, 4, 6 மாதங்களில் பென்டாவலன்ட் எனப்படும் ஐங்கூட்டுத் தடுப்பூசியும் போலியோ சொட்டு மருந்தும், 2, 4 மாதங்களில் தோலினுள் போடும் போலியோ ஊசியின் சிற்றளவு, 9 மாதத்தில் சின்னமுத்து (தட்டம்மை), கூகைக்கட்டு (பொன்னுக்கு வீங்கி), ருபெல்லா மூன்றுக்கும் எதிரான எம்.எம்.ஆர்., 12 மாதத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி, 18 மாதத்தில் தொண்டைக் கரப்பான் (டிப்தீரியா), குக்கல் (கக்குவான்), ஏற்புவலி மூன்றுக்கும் எதிரான முக்கூட்டுத் தடுப்பூசியும் சொட்டு மருந்தும், 3 வயதில் இரண்டாவது எம்.எம்.ஆர்., 5 வயதில் குக்கல் நீங்கலான இரட்டைத் தடுப்பூசியும் சொட்டு மருந்தும், பின்பு பாடசாலையில் 6 ஆம் தரப் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. இரண்டு முறை, 7 ஆம் தரத்தில் ஏற்புவலியும் தொண்டைக் கரப்பானும் சேர்ந்த வளர்ந்தோருக்கான ஊசி என்ற வரிசை நாவில் நிற்கவேண்டும். அட்டவணை காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. பென்டாவலன்ட் 2008 இலும் எச்.பி.வி. 2017 இலும்தான் உள்ளே வந்தன. ஆகவே தொற்றுநோயியல் பிரிவின் ஆகப் பிந்திய சுற்றறிக்கை மேசையில் இருக்கிறதா என்று பார்ப்பதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அட்டவணை பிள்ளையின் வயதைச் சொல்லும். எதிரே மடியில் இருக்கும் பிள்ளையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அதை நீங்கள்தான் பார்க்கவேண்டும்.

தோலினுள் போடும் ஊசி ஏன் இவ்வளவு சிரமமாக இருக்கிறது?

புதியவர்கள் ஆகக் கூடுதலாகத் தடுமாறும் இடம் இது என்பதால் இதற்கே ஆகக் கூடுதலான நேரத்தை ஒதுக்குகிறேன். பீ.சீ.ஜீ.யின் அளவு புதிதாய்ப் பிறந்த குழந்தைக்கு 0.05 மில்லிலீற்றர் மட்டுமே, போலியோ சிற்றளவு 0.1 மில்லிலீற்றர். ஒரு துளிக்குச் சற்றுக் கூடுதலான மருந்தை, ஒரு மில்லிமீற்றர் அளவே தடிப்புள்ள பச்சிளம் தோலின் இரண்டு படைகளுக்கிடையே நிறுத்தவேண்டும். ஊசியின் சரிந்த வாய் மேலே பார்த்திருக்க, ஏறத்தாழ தோலோடு படுத்தபடி 10 முதல் 15 பாகைச் சரிவில் நுனி மட்டும் மறையுமாறு செலுத்தி, மெதுவாகத் தள்ளவேண்டும். சரியாக இறங்கினால் கைக்கு ஒரு தடை தெரியும். தோல் வெளிறி, தோடம்பழத் தோலின் குழிகளைப் போன்ற புள்ளிகளோடு சிறிய கொப்புளமாக எழும்பும். தடையின்றி வழுக்கிக்கொண்டு போனால், மருந்து தோலின் கீழ் போய்விட்டது என்று அறிந்து உடனே நிறுத்தவேண்டும். பீ.சீ.ஜீ. ஆழமாக இறங்கினால் சீழ்க்கட்டியும் அக்குளில் நிணநீர் முடிச்சு வீக்கமும் வரலாம்.

என் முதல் பீ.சீ.ஜீ. அப்படித்தான் ஆழமாக இறங்கியது. பக்கத்தில் நின்ற மூத்த குடும்பநல உத்தியோகத்தர் தாயின் முன்னால் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கிளினிக் முடிந்த பின் ஒரு தோடம்பழத்தையும் உப்புநீர் நிரப்பிய சிரிஞ்சியையும் என் முன் வைத்து, ஐம்பது கொப்புளம் எழுப்பிவிட்டு வீட்டுக்குப் போங்கள் டொக்டர் என்றார். இன்றுவரை என் மாணவர்களுக்கும் நான் கொடுக்கும் முதல் பாடம் அதுதான். பழத்தில் கை பழகிய பின் கோழித்தொடைத் தோலில் செய்து பார்ப்பது நல்லது. அதன் மென்மை குழந்தையின் தோலுக்கு இன்னும் கிட்டியது. அதற்குப் பிறகே, மூத்தவர் ஒருவரின் கண் முன்னால் குழந்தையின் கை.

தழும்பைப் பார்க்கவும் பழகவேண்டும். சில வாரங்களில் சிறு கட்டியாகி, உடைந்து புண்ணாகி, பின்பு தானே ஆறித் தழும்பாவது பீ.சீ.ஜீ.யின் இயல்பான போக்கு. அதற்கு மஞ்சளோ மருந்தோ பூசவேண்டாம் என்று தாய்க்கு முன்னதாகவே சொல்லிவிடவேண்டும். தழும்பு தெரியாத பிள்ளைக்கு 6 மாதத்துக்குப் பின்பு, 5 வயதுக்குள் இரண்டாம் முறை போடலாம்.

தொடையிலா, கையிலா, பின்புறத்திலா?

குழந்தைக்குத் தசையினுள் போடும் ஊசி தொடையின் முன்வெளிப்புறத்தில், இடுப்புக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட நீளத்தை மூன்றாகப் பிரித்தால் வரும் நடுப்பகுதியில், 25 மில்லிமீற்றர் நீள ஊசியால், செங்குத்தாகப் போடப்படவேண்டும். எம்.எம்.ஆர்.உம் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியும் தோலின் கீழ் செல்வன, ஆகவே தோலைச் சற்றுக் கிள்ளித் தூக்கி 45 பாகைச் சரிவில் போடவேண்டும். பின்புறத்தில் ஒருபோதும் வேண்டாம். அங்கே கொழுப்பு தடிப்பாக இருப்பதால் மருந்து தசையை எட்டாமல் போகலாம். இடுப்பு நரம்பு காயப்பட்டால் பிள்ளையின் கால் பாதிக்கப்படும். ஒரே தொடையில் இரண்டு ஊசி போட நேர்ந்தால் இடையே 2.5 சென்ரிமீற்றராவது விடுங்கள். குத்திய பின் இரத்தம் வருகிறதா என்று இழுத்துப் பார்க்கும் பழைய வழக்கம் தடுப்பூசிக்குத் தேவையில்லை. அது குழந்தையின் வலியைத்தான் நீட்டிக்கிறது.

சிரிஞ்சி பாதியில் பூட்டிக்கொள்கிறது. என்ன பிழை செய்கிறேன்?

வார்ட்டில் பழகிய வழக்கப்படி முதலில் காற்றை இழுத்துக் குப்பிக்குள் செலுத்தப் பார்த்திருப்பீர்கள். ஒருமுறை மட்டும் பயன்படும் தானியங்கிப் பூட்டுச் சிரிஞ்சியில் அந்த ஒரு தடவை அதோடு முடிந்துவிடும். காற்றின்றி ஊசியைக் குப்பிக்குள் விட்டு நேரடியாக மருந்தை இழுங்கள்.

தடுப்பூசியை வழி நெடுகக் குளிரில் காக்கும் குளிர்ச் சங்கிலி, மருந்தாளர் பார்க்கவேண்டிய வேலையில்லையா?

குளிர்சாதனப் பெட்டியைப் பார்ப்பதற்கு ஒருவர் இருக்கலாம். ஆனால் கிளினிக்கின் காலையில் குப்பியைக் கையில் எடுத்து, இதைப் போடலாம் என்று சொல்பவர் வைத்தியர். தடுப்பூசிகள் 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்கவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் பகுதியின் வெயிலில் வெப்பத்தைப் பற்றித்தான் எல்லோரும் அஞ்சுகிறார்கள், உறைதலை மறந்துவிடுகிறார்கள். ஐங்கூட்டு, முக்கூட்டு, இரட்டை, எச்.பி.வி. ஊசிகள் ஒருமுறை உறைந்துவிட்டால் அவற்றின் வலு போய்விடுகிறது. உருகிய பின் பார்வைக்குப் பெரிய மாற்றம் தெரியாமலும் இருக்கலாம். குப்பியில் ஒட்டியுள்ள வெப்பக் காட்டி, உள்ளே இருக்கும் சதுரம் வெளிவட்டத்தைவிட வெளிறியிருக்கும்வரை பயன்படுத்தலாம் என்றும், இரண்டும் ஒரே நிறமானால் எறியவேண்டும் என்றும் காட்டும். ஆனால் அது வெப்பத்தை மட்டுமே காட்டும், உறைந்ததை அது சொல்லாது. அதற்குக் குலுக்கிப் பார்க்கும் சோதனை இருக்கிறது. வேண்டுமென்றே உறையவைத்து உருக்கிய அதே வகைக் குப்பி ஒன்றையும் சந்தேகத்துக்குரிய குப்பியையும் ஒன்றாகக் குலுக்கி மேசையில் வைத்தால், உறைந்ததில் படிவு விரைவாகக் கீழே இறங்கும். ஒவ்வொரு புதிய வைத்தியரும் இதை ஒருமுறையாவது தன் கையால் செய்து, இரண்டு குப்பிகளையும் அரை மணிநேரம் உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்பது என் விருப்பம். அதைப் பார்த்த ஒருவர் பிறகு பனிக்கட்டிப் பொதிக்கு மேல் நேரடியாக ஐங்கூட்டுக் குப்பியை வைக்கமாட்டார்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக்குப் போகும் கிளினிக்குகளில் இது இன்னும் நுணுக்கமாகிறது. மார்கழி வெள்ளத்தில் வீதி மூடி, வாவியைப் பாதை எனப்படும் மிதவையிலோ தோணியிலோ கடந்து மருந்துப் பெட்டி போகும் நாட்களில், திரும்பி வரும் நேரத்தை யாராலும் அறுதியிட முடியாது. அதற்காகப் பனிப்பொதிகளைக் கூடுதலாக அடுக்குவது பிழை. உறைபெட்டியிலிருந்து எடுத்த பொதியைக் காதருகே ஆட்டினால் உள்ளே நீர் அசையும் ஓசை கேட்கும்வரை வெளியே வைத்திருந்து, பின்பே பெட்டிக்குள் வைக்கவேண்டும். மின்வெட்டு நேரத்தில் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காதிருப்பதே முதல் வேலை. வெப்பநிலைப் பதிவேட்டில் விடுபட்ட நேரத்தை உள்ளபடி எழுதுவது இரண்டாவது வேலை.

கரைத்த மருந்தை ஏன் ஆறு மணிநேரத்தில் எறியவேண்டும்? வீணாகிறதே.

பீ.சீ.ஜீ., எம்.எம்.ஆர்., ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஆகிய தூள் மருந்துகளில் கிருமி வளர்வதைத் தடுக்கும் பொருள் இல்லை. கரைத்த குப்பிக்குள் கிருமி புகுந்துவிட்டால் அது பெருகி, போடப்பட்ட குழந்தைகள் நச்சு அதிர்ச்சியில் இறந்த சம்பவங்கள் உலகில் உண்டு. ஆகவே ஆறு மணிநேரம் அல்லது கிளினிக் முடியும் நேரம், இரண்டில் எது முந்துகிறதோ அதுவே எல்லை. கரைக்கும் திரவம் அந்தத் தயாரிப்பாளர் அந்தத் தடுப்பூசிக்கென அனுப்பியதாகவே இருக்கவேண்டும். 2014 இல் சிரியாவின் இட்லிப் பகுதியில் கரைக்கும் திரவத்துக்குப் பதிலாகத் தசையைத் தளர்த்தும் அட்ராகுரியம் மருந்து தவறுதலாகச் சேர்க்கப்பட்டு 15 குழந்தைகள் இறந்தன. ஒத்த தோற்றமுள்ள குப்பிகள் ஒரே தட்டில் இருந்தால் இது எங்கும் நேரலாம். தடுப்பூசிப் பெட்டியில் வேறு எந்த மருந்தும் இருக்கக்கூடாது என்ற விதி இதிலிருந்துதான் வருகிறது.

வீணாவதைப் பற்றிச் சொன்னால், ஒரே ஒரு பிள்ளைதான் வந்திருக்கிறது, பத்துப் பேருக்கான குப்பியை எப்படி உடைப்பது என்று தாயைத் திருப்பி அனுப்புவதை நான் ஏற்பதில்லை. வாகரையிலிருந்தோ வெல்லாவெளியிலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டு வந்த தாய் அடுத்த முறை வருவாரென்று எந்த உறுதியும் இல்லை.

பிள்ளைக்குத் தடிமன் இருக்கிறது, போடலாமா?

போடலாம். தடிமன், இலேசான இருமல், சிறு வயிற்றோட்டம், குறைந்த காய்ச்சல், குறைமாதப் பிறப்பு, தாய்ப்பால் குடித்தல், நுண்ணுயிர்கொல்லி மருந்து எடுத்தல் ஆகியவற்றில் எதுவும் தடை இல்லை. முட்டை ஒவ்வாமைகூட எம்.எம்.ஆருக்குத் தடையில்லை. உண்மையான தடைகள் மிகச் சில. முன்னைய ஊசிக்குக் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி வந்திருத்தல், முக்கூட்டு மருந்துக்குப் பின் ஏழு நாட்களுக்குள் மூளை பாதிக்கப்பட்டிருத்தல், நோயெதிர்ப்பு கடுமையாகக் குறைந்த பிள்ளைக்கு வலுக்குறைத்த உயிருள்ள கிருமியாலான எம்.எம்.ஆர். போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் என்பவை அவற்றில் முக்கியமானவை. நீண்ட காலம் கூடிய அளவில் ஸ்டீரொயிட் எடுத்த பிள்ளை, அண்மையில் இரத்தம் ஏற்றிய பிள்ளை ஆகியோருக்கு எம்.எம்.ஆரைப் பிற்போடவேண்டியிருக்கும். சந்தேகமென்றால் குழந்தை நல வைத்திய நிபுணரைக் கேளுங்கள், ஆனால் அன்றே கேளுங்கள். பார்ப்போம் என்று திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளே பிறகு சின்னமுத்து வார்ட்டில் படுக்கிறார்கள்.

ஒரு தவணை தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்கவேண்டுமா?

வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். உயிருள்ள இரண்டு ஊசிகளை ஒரே நாளில் போடலாம், இல்லையேல் நான்கு வாரம் இடைவெளி விடவேண்டும்.

தாயோடு என்ன பேசுவது? நேரமே இல்லையே.

ஒரு நிமிடம் போதும், ஆனால் அந்த நிமிடத்தில் கண் பதிவேட்டில் அல்லாமல் தாயின் முகத்தில் இருக்கவேண்டும். இன்று என்ன ஊசி, எந்த நோய்க்கு, இரவு காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, என்ன கண்டால் உடனே கொண்டு வரவேண்டும், அடுத்த ஊசி எப்போது என்பவற்றை அவர் விளங்கும் சொல்லில் சொல்லவேண்டும். பேசும் சொற்களை இங்கே பிறந்த வைத்தியரும் மறுபடி கற்றுக்கொள்ளவேண்டியிருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் ஆங்கிலத்தில் படித்து வந்தவர், கூகைக்கட்டு, குக்கல், ஏற்புவலி என்ற சொற்களைத் தாயின் வாயிலிருந்து கேட்டதும் ஒரு கணம் திகைக்கிறார். பெரும்பான்மையாகச் சிங்களம் பேசும் வைத்தியர்கள் அம்பாறை மாவட்டத்தின் தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கு வரும்போது, இந்தச் சொற்பட்டியல்தான் அவர்களுக்கு முதலில் கொடுக்கவேண்டிய கைநூல்.

“டொக்டர், பிள்ளைக்கு அம்மாள் வந்தா வேப்பிலை வைப்பம், ஊசி வேணாம்” என்று ஒரு பெரியம்மா சொன்னால் அவரை அறிவில்லாதவர் என்று நினைக்கவேண்டாம். சின்னமுத்தில் பிள்ளைகளை இழந்த தலைமுறையின் அச்சத்தோடுதான் அவர் பேசுகிறார். அம்மாளுக்கு வைப்பதை வையுங்கோ பெரியம்மா, பிள்ளைக்கு மூச்சு முட்டாமல் இருக்க இந்த ஊசியையும் போடுவம் என்று சொன்னால் அநேகமாக ஒப்புக்கொள்வார். சின்னமுத்தை ஒழித்த நாடாக இலங்கை 2019 இல் அறிவிக்கப்பட்டது, ஆனால் 2023 இல் நோய் மீண்டும் தலைதூக்கியது. 2024 ஜனவரியில் 6 முதல் 9 மாதக் குழந்தைகளுக்கு மேலதிக ஊசி போட ஒன்பது பகுதிகள் தெரிவு செய்யப்பட்டபோது கல்முனையும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. இது நம் ஊர்க் கதை என்று சொல்வதில் வலு இருக்கிறது.

குழந்தையைத் தாயின் மடியில், நெஞ்சோடு அணைத்தபடி இருக்கவிடுங்கள். முடிந்தால் பால் குடிக்கும்போதே போடுங்கள். கூடுதலாக வலிக்கும் ஊசியைக் கடைசியாக வையுங்கள்.

ஊசி போட்டதும் பிள்ளை சாய்ந்துவிட்டால்?

பாடசாலையில் எச்.பி.வி. போடும் நாளில் மயங்கி விழும் பிள்ளைக்கும், ஒவ்வாமை அதிர்ச்சியில் விழும் பிள்ளைக்கும் உள்ள வேறுபாட்டைக் கை நாடியிலேயே படிக்கவேண்டும். அச்சத்தால் வரும் மயக்கம் ஊசி போட்ட உடனேயோ அதற்கு முன்னரோ வரும். முகம் வெளிறி வியர்க்கும், நாடி மெதுவாகும், படுக்கவைத்துக் கால்களை உயர்த்தினால் தெளிவு வரும். அனாஃபிலாக்சிஸ் எனப்படும் ஒவ்வாமை அதிர்ச்சியில் நாடி விரைவாகி நலிந்து, உடலெங்கும் தடிப்பு, முகவீக்கம், மூச்சில் இரைச்சல் என்பன நிமிடங்களில் கூடிக்கொண்டே போகும். அங்கே தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் பிள்ளையின் உயிரைக் குடிக்கும். ஆயிரத்தில் ஒன்று செறிவுள்ள அட்ரினலினை எடைக் கிலோவுக்கு 0.01 மில்லிலீற்றர் வீதம், ஒரு தடவைக்கு 0.5 மில்லிலீற்றருக்கு மேற்படாமல், தொடைத் தசையினுள் உடனே போடவேண்டும். தேறாவிட்டால் ஐந்து நிமிடத்தில் மறுபடியும். பத்துக் கிலோப் பிள்ளைக்கு 0.1 மில்லிலீற்றர் என்ற கணக்கைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஹைட்ரோகோர்ட்டிசோனும் ஒவ்வாமை மாத்திரையும் உதவிதான், அட்ரினலினுக்கு ஈடல்ல. 1990 என்ற இலக்கத்தில் அம்பியூலன்ஸை அழைக்கும் பொறுப்பு யாருடையது என்று கிளினிக் தொடங்குமுன்பே பெயர் சொல்லி வையுங்கள். இதை ஒரு பொம்மையை வைத்து மாதம் ஒருமுறை ஒத்திகை பார்க்கவேண்டும். எல்லாப் பிள்ளைகளையும் 15 முதல் 30 நிமிடம் வாங்கில் உட்காரவைத்துப் பார்ப்பது இதற்காகவே.

பாதக விளைவை அறிவித்தால் என் மேல் பிழை வராதா?

இந்த அச்சம் நேர்மையானது, ஆனால் அதற்கு இடம் கொடுக்கக்கூடாது. 2008 ஜனவரியில் ஐங்கூட்டு ஊசி அறிமுகமாகி, சில மரணங்கள் அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டு ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. நிபுணர்கள் ஒவ்வொரு கோப்பையும் ஆராய்ந்த பின்பு 2010 இல் மீண்டும் வந்தது. அந்த ஆய்வுக்குக் கிளினிக்குகளில் எழுதி வைக்கப்பட்ட குறிப்புகள்தான் ஆதாரம். குப்பியின் தொகுதி இலக்கம், நேரம், அறிகுறி, செய்த சிகிச்சை ஆகியவற்றை அன்றே எழுதி, சுகாதார வைத்திய அதிகாரி ஊடாகப் பிராந்தியத் தொற்றுநோயியலாளருக்கு அனுப்புங்கள். எழுதாமல் விட்டால் ஊரில் வதந்திதான் எழுதும்.

என் கையில் ஊசி குத்திவிட்டால்?

சோப்பும் ஓடும் நீரும் இட்டுக் கழுவி, உடனே அறிவியுங்கள். ஊசி மூடியைத் திரும்பப் பொருத்தவே வேண்டாம். பாதுகாப்புப் பெட்டி முக்கால் நிறைந்ததும் மூடுங்கள். உங்கள் ஹெபடைட்டிஸ் பீ தவணைகள் மூன்றும் முடிந்தனவா என்று இன்றே பாருங்கள்.

எப்போது நான் பயிற்சி பெற்றவர் ஆவேன்?

இத்தனை ஊசி போட்டால் போதும் என்ற எண்ணிக்கையில் எனக்கு நம்பிக்கையில்லை. என்னிடம் வருபவரைச் சில வேலைகளை மட்டும் செய்து காட்டச் சொல்கிறேன். ஒரு குப்பியை எடுத்து அதை ஏன் போடலாம், ஏன் எறியவேண்டும் என்று விளக்கவேண்டும். ஒரு தாயிடம் தடையுள்ள காரணங்களை ஒன்றும் விடாமல் கேட்கவேண்டும். தொடையிலும் தோலினுள்ளும் கையிலும் ஊசிகளைச் சரியாகப் போடவேண்டும். அட்ரினலின் அளவை எடை சொன்னவுடன் சொல்லவேண்டும். இவற்றை நான் பார்ப்பதோடு, அந்தக் கிளினிக்கின் மூத்த குடும்பநல உத்தியோகத்தரும் பக்கத்தில் நின்று பார்க்கிறார். பயிற்சிப் பதிவேட்டில் முதல் கையெழுத்தை அவரிடமே கேட்கிறேன். அவர் இன்னும் இரண்டு கிளினிக் நிற்கட்டும் டொக்டர் என்றால், அந்த இளம் வைத்தியர் இன்னும் இரண்டு கிளினிக் நிற்கிறார்.